இரவுக் கேமராவில் ஒரு வெள்ளைச் சேலை

“ராத்திரியில கேமரா வெள்ளையடிச்சாப்ல இருக்குதுங்க” என்று யாராவது போன் செய்தால், “பூஜை போட்டீங்களா?” என்பதுதான் என் முதல் கேள்வி. எதிர்முனையில் இருப்பவருக்கு, கேமராக் கடைக்குப் போன் போட்டோமா, குறி சொல்கிறவளுக்குப் போட்டோமா என்று சந்தேகம் வந்துவிடும் போல.

மல்லசமுத்திரத்தில் பதினோரு வருஷமாகக் கேமராக் கடை வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் போர்வெல் வண்டியோடு வருஷத்தில் எட்டு மாதம் வெளிமாநிலத்தில் இருப்பார். டிப்ளமோ படித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க எனக்குப் பிடிக்கவில்லை. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினால், கீழே நிற்கிற ஆம்பளைகள் எல்லாம் “பாத்துங்கம்மிணி, பாத்துங்கம்மிணி” என்று கத்துவார்கள். ஒருத்தரும் ஏணியைப் பிடிக்கமாட்டார்கள்.

டோம் கேமரா என்பது விட்டத்தில் கவிழ்த்து வைத்த கண்ணாடிக் கிண்ணம். அதற்குள் கேமராவைச் சுற்றிச் சின்னச் சின்ன விளக்குகள் இருக்கும். இருட்டானதும் அவை எரிய ஆரம்பிக்கும். அந்த வெளிச்சம் நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். எதிரில் இருப்பதன் மேல் பட்டுத் திரும்பி வருகிற அந்த வெளிச்சத்தைக் கொண்டுதான் இரவில் படம் எடுக்கிறது. கண்ணாடியிலேயே ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் வெளிச்சம் அங்கேயே பட்டுத் தெறித்துக் கேமராவின் கண்ணைக் கூசவைத்துவிடும். பகலில் பளிச்சென்று இருக்கிற படம் ராத்திரியானால் பனிமூட்டமாகிவிடும்.

என்ன ஒட்டும் என்பது ஊருக்கு ஊர் மாறும். தறிக்கூடத்தில் பஞ்சு. கோழிப்பண்ணையில் சுண்ணாம்புத் தூள். எல்லா ஊரிலும் சிலந்திவலை. புதுப்பொருளின் மேல் இருக்கிற பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டால் பொருள் பழசாகிவிடும் என்று நினைக்கிறவர்கள் வீட்டில் அந்தத் தாளே ஒட்டிக்கொண்டிருக்கும். டிவி ரிமோட்டுக்குச் சட்டை போட்டுவிடுகிற ஜனங்கள், கேமராவை மட்டும் அம்மணமாக விட்டுவிடுவார்களா? ஆனால் எனக்கு அதிகமாகப் போன் வருவது ஆயுத பூஜைக்கு மறுநாள்தான். வண்டி, மோட்டார், தறி, தராசு, கிரைண்டர் என்று எல்லாவற்றுக்கும் விபூதிப் பட்டை போட்டுச் சந்தனம் குங்குமம் வைக்கிறவர்கள், விட்டத்தில் தொங்குகிற கேமராவை மட்டும் எப்படி விடுவார்கள்? அதுவும் ராப்பகலாக உழைக்கிற மிஷின்தானே. மூன்று பட்டை, நடுவில் ஒரு பொட்டு. அன்று ராத்திரியே அதற்குக் கண் போய்விடும்.

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு முட்டைப் பண்ணை. பண்ணைக்குள்ளேயே வீடு. பண்ணைக்காரரின் போன் ஒரு வருஷம் ஆயுத பூஜை முடிந்து இரண்டு வாரம் கழித்து வந்தது. பூஜை போட்டீங்களா என்று கேட்டேன். “போட்டா என்னுங்கம்மிணி? சாமி கும்புட்டது தப்புங்களா?” என்று குரல் ஏறியது. நேரில் போய்ப் பார்த்தால், போர்டிகோ கேமராவில் முட்டை வேன் டிரைவர் வேன் மேல் ஏறி நின்று போட்ட மூன்று பட்டை காய்ந்து கெட்டியாக இருந்தது. மைக்ரோஃபைபர் துணியில் லேசாகத் தண்ணீர் தொட்டுத் துடைத்தேன். ஐந்து நிமிஷ வேலை. பொழுது சாய்ந்ததும் படம் கண்ணாடியாகிவிட்டது. வாசல், பாதை, கேட், கேட்டோரத்து வேப்பமரம், அதன் ஒவ்வொரு இலையும் தெரிந்தது.

கிளம்பலாம் என்று பையை மூடும்போதுதான் அவர் கதவைச் சாத்தினார்.

“போன வாரம் ஒரு நாளு ராத்திரிப் பதிவு பாக்கோணுங்கம்மிணி” என்றார். குரல் இறங்கியிருந்தது. விஷயம் இதுதான். ஒரு நாள் சாயங்காலம் கேட்டின் சக்கரத்துக்கு அவரே கிரீஸ் வைத்திருக்கிறார். அப்போது அங்கே ஒன்றும் இல்லை. மறுநாள் விடிந்து பார்த்தால், கேட்டின் அடியில் நாய் மண்ணைப் பறித்துப்போட்டிருக்கிறது. குழிக்குள் மஞ்சள் துணி, சிவப்பு நூல் சுற்றிய எலுமிச்சம்பழம், சுருட்டிய செப்புத் தகடு. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள். அவருக்குப் போன வருஷம்தான் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்திருந்தது. சொல்லும்போதே கை தானாக நெஞ்சுக்குப் போனது.

எனக்குச் செய்வினையில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அவர் பயந்த பயம் நிஜம். அதைவிட, மூட்டம் போட்ட பதிவிலிருந்து ஒன்றை வெளியே எடுத்துக் காட்டவேண்டும் என்ற என் வீம்பும் நிஜம். பதிவு சேருகிற டிவிஆர் பெட்டியில் அந்த ராத்திரியை ஓட்டினேன். திரை முழுக்க வெள்ளைப் புகை. ஓர் இடத்தில் புகைக்குள் ஏதோ அசைந்தது. நிறுத்தினேன். வெளிச்சத்தைக் குறைத்து, கான்ட்ராஸ்ட்டைக் கூட்டி, மறுபடி குறைத்து, அரைமணி நேரம் மல்லுக்கட்டினேன். கடைசியில் ஓர் உருவம் எழுந்து வந்தது. பெண். தலையில் முக்காடு. முகம் இல்லை, வெறும் மூட்டம்தான். இடது பக்கத்திலிருந்து பாதைக்கு வருகிறாள், கேட்டருகில் குனிகிறாள், திரும்பிப் போகிறாள்.

பண்ணைக்காரர் எனக்குப் பின்னால் நின்றிருந்தார். அவர் மனைவி காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றிருந்தார்.

“அம்மிணி, சீல என்ன நெறமுங்க?” என்று பண்ணைக்காரர் கேட்டார்.

நான் திரையைப் பார்த்தேன். “வெள்ளைங்கண்ணா” என்றேன்.

“நல்லாப் பாத்துச் சொல்லுங். வெள்ளை தானுங்களா?”

“ஆமாங்க. சுத்த வெள்ளை.”

அந்தப் பண்ணையில் வெள்ளைச் சேலை கட்டுகிறவர் ஒரே ஒருத்தர்தான். பண்ணைக்காரருடைய அக்கா. புருஷன் செத்த பிறகு, பிள்ளை குட்டி இல்லை என்று பிறந்த வீட்டுக்கு வந்தவர். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வீட்டின் இடது பக்கம் ஓர் அறையில் இருந்தார். முட்டை பொறுக்குவதும், உடைசலைப் பிரித்துவைப்பதும், அட்டையில் அடுக்குவதும் அவர் பார்வையில்தான் நடக்கும். பண்ணையில் எல்லோருக்கும் அவர் பெரியம்மா. நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். ஏணியில் நான் ஏறினால் ஓடிவந்து இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்ட ஒரே ஆள் அவர்தான்.

தம்பி கூப்பிட்டதும் பெரியம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்தார். திரையைக் காட்டினார்கள். என்ன காட்டுகிறார்கள் என்று அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கோ போய்விட்டது.

“இது நானில்ல சாமி” என்றார் தம்பியிடம்.

தம்பி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பெரியம்மா என் பக்கம் திரும்பினார். “நீ படிச்ச புள்ள. நீ சொல்லு சாமி. இது நானா?”

அந்த இடத்தில் நான் சொன்னதை அட்சரம் பிசகாமல் எழுதிவிடுகிறேன். மழுப்பி எழுதினால் எனக்கே ஆகாது. “மூஞ்சி தெரியலீங் பெரியம்மா. ஆனா சீல வெள்ளைதானுங்க. மிஷின் பொய் சொல்லாதுங்க” என்றேன்.

பத்து நாளில் பெரியம்மா அந்த வீட்டை விட்டுப் போய்விட்டார் என்று வேன் டிரைவர் சொன்னார். ஜேடர்பாளையத்தில் சித்தி மகள் வீட்டில் இருக்கிறாராம். ஒரு துணிப்பையோடு பஸ் ஏறினாராம். தம்பி வாசலுக்கே வரவில்லையாம். கேட்டபோது பாவமாக இருந்தது. ஆனால் அது நிலைக்கவில்லை. அந்த வாரம் கடைக்கு வந்த நாலு பேரிடம், புகைக்குள்ளிருந்து ஆளைப் பிடித்துக் கொடுத்த கதையை நானே பெருமையாகச் சொன்னேன். டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னேன்.

கார்த்திகை பிறந்து சில நாளில் அதே பண்ணையிலிருந்து மறுபடி போன். மறுபடியும் ராத்திரியில் மூட்டம். “பூஜையெல்லாம் போடலீங்” என்று அவரே முந்திக்கொண்டார். போய்ப் பார்த்தேன். போர்டிகோ விட்டத்துக்குப் புதிதாகப் பளபளவென்று வெள்ளை பெயின்ட் அடித்திருந்தார்கள். கேமராவின் விளக்கு அதில் பட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தது. கேமராவை ஒரு சாண் கீழே இறக்கி, முகத்தைக் கொஞ்சம் தாழ்த்தினால் சரியாகிவிடும். செய்தேன். ஏணியைப் பிடிக்க ஆள் இல்லை. இருட்டுக் கட்டும்வரை காத்திருந்து, உள்ளே போய்த் திரை முன்னால் உட்கார்ந்தேன்.

படம் கறுப்பு வெள்ளைக்கு மாறியது. மூட்டம் இல்லை. கையை உதறிவிட்டு எழுந்திருக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

திரையில், பாதையில், வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பெண் கேட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.

பெரியம்மா திரும்பி வந்துவிட்டாரா என்றுதான் முதலில் நினைத்தேன். ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தேன். பண்ணைக்காரரின் மனைவி. கார்த்திகை மாதத்து விளக்கை ஒரு தட்டில் வைத்துக்கொண்டு கேட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். விளக்கு வெளிச்சத்தில் அவர் கட்டியிருந்த சேலை நன்றாகத் தெரிந்தது. அரக்குச் சிவப்புப் பூனம் சேலை. திரும்பித் திரையைப் பார்த்தேன். வெள்ளை. ஜன்னலைப் பார்த்தேன். அரக்கு. திரை. வெள்ளை. சுத்த வெள்ளை.

மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தேன். தண்ணீர் குடிக்க வேண்டும் போலிருந்தது, பாட்டில் எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

கேமராவின் அந்த விளக்கு நம் கண் பார்க்கிற வெளிச்சம் இல்லை. சாயம் ஏற்றின துணியில் பாதிக்கு மேல் அதை அப்படியே திருப்பி அனுப்பிவிடும். சிவப்போ நீலமோ பச்சையோ, ஏன் சில கறுப்புத் துணிகூட, கேமராவுக்கு வெளுத்துத்தான் தெரியும். இது பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. வேப்பிலை பச்சை. ராத்திரிப் படத்தில் அது எப்போதும் வெள்ளையாகத்தான் தெரியும், பூத்துக் குலுங்குகிற மாதிரி. பதினோரு வருஷமாக நூற்றுக்கணக்கான வீட்டில் அதைப் பார்த்திருக்கிறேன். பச்சை மரம் வெள்ளையாகத் தெரிகிறதே என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள், யோசித்திருந்தால் போதும். பெரியம்மா என்னிடம் கேட்ட அன்றுகூட அந்த மரம் அதே திரையில்தான் இருந்தது.

நம்ப முடியாமல் ஓடினேன். என் பையில் இருந்த நீலத் துப்பட்டாவை எடுத்துப்போய்க் கேட்டில் தொங்கவிட்டேன். துணிக்கொடியில் கிடந்த சிவப்புத் துண்டு, டிரைவரின் கறுப்புச் சட்டை, ஒரு குடை. திரும்ப ஓடிவந்து பார்த்தேன். குடை மட்டும் கறுப்பு. மற்ற மூன்றும் வெள்ளை வெளேரென்று தொங்கின. அன்று ராத்திரி கேட்டுக்கு நடந்து போனது யார் என்று எனக்குத் தெரியாது. உலகத்தில் சேலை கட்டுகிற யாராகவும் இருக்கலாம். நான் ஒருத்தியைக் கைகாட்டி வீட்டை விட்டுத் துரத்தியிருக்கிறேன்.

கோழிக்கொட்டகையிலிருந்து பண்ணைக்காரர் வந்தார். கேட்டில் சட்டையும் துண்டும் தொங்குவதைப் பார்த்து, “என்னுங்கம்மிணி, கேட்டுக்குத் தொவைச்சுக் காயப் போட்டிருக்கறீங்?” என்றார். நான் சிரிக்கவில்லை. கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவரைத் திரை முன்னால் நிறுத்தினேன். கேட்டில் விளக்கு வைத்துவிட்டு, தட்டில் எண்ணெய்க் கிண்ணத்தோடு அவர் மனைவியும் வந்து கதவோரம் நின்றார். எல்லாவற்றையும் சொன்னேன். திக்கித் திக்கிச் சொன்னேன். “அன்னிக்கு நான் சொன்னது தப்புங்கண்ணா. சீல எந்த நெறம்னு கேமராவுக்குத் தெரியாதுங்க. பெரியம்மான்னு சொல்றதுக்கு ஒரு ஆதாரமும் இல்லீங்க.”

அவர் திரையைப் பார்த்தார். சட்டையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் தாடையைத் தேய்த்தார்.

“செவப்பு வெள்ளையாத் தெரியுதுங். செரி. வெள்ளை எப்புடிங் தெரியும்?”

“அதுவும்… வெள்ளையாத்தானுங்க.”

“அப்ப அக்காளாவும் இருக்கலாம்ல?”

இருக்கலாம். படத்தைக் கொண்டு குற்றம் சொல்ல முடியாது என்றால், அதே படத்தைக் கொண்டு இல்லை என்றும் சொல்ல முடியாது. நான் ஒரு வார்த்தையில் போட்ட முடிச்சை ஆயிரம் வார்த்தையில் அவிழ்க்க முடியவில்லை. “அவிய அப்பிடிப்பட்டவிய இல்லீங்கண்ணா” என்றேன். எனக்கே கேவலமாக இருந்தது. அன்றைக்கு மிஷினைப் பேசினவள் இன்றைக்கு மனசைப் பேசுகிறேன்.

“உடுங்கம்மிணி” என்றார் அவர். “மனசுல ஒண்ணு உழுந்துபோச்சுன்னா உழுந்ததுதான். அவ செத்தாலும் நான் எளவுக்குப் போறதில்லைன்னு முடிவு பண்ணியாச்சு. அதை மறுபடி கெளறாதீங்.”

கதவோரத்தில் தட்டு கீழே விழுந்தது. எண்ணெய் தரையெல்லாம் ஓடியது. அதை யாரும் துடைக்கவில்லை.

“நாந்தானுங்க” என்றார் அவர் மனைவி.

அவர் திரும்பினார். “என்ன நீதான்?”

“தகடு. நாந்தானுங்க வெச்சேன்.”

அதற்குப் பிறகு அந்த அம்மா பேசியதை நான் நின்றபடியே கேட்டேன். புருஷனுக்கு ஸ்டென்ட் வைத்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் தகடு எழுதிக் கொடுக்கிற ஒருவரிடம் போயிருக்கிறார். ஆயுசுக்குக் காவல் என்று எழுதிக் கொடுத்தார்களாம். தலைவாசலில் புதைக்க வேண்டும். யாருக்காக வைக்கிறோமோ அவருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் பலிக்காது, திருப்பி அடித்துவிடும். கேமராவில் ராத்திரி ஒன்றுமே தெரிவதில்லை என்று புருஷன் புலம்பிக்கொண்டிருந்த சமயம் பார்த்து, அரக்குச் சேலையில் முக்காடு போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்ப் புதைத்திருக்கிறார். வீட்டின் பின்வாசலும் இடது பக்கம்தான்.

“இந்தப் புள்ள படத்தை எடுத்துப்போட்டதும் எனக்குக் கைகாலே ஓடலீங்க. அதுல வெள்ளைச் சீல தெரியுது. எனக்கே ஒண்ணும் வெளங்கல. நீங்க அக்கான்னு சொன்னீங்க. நான் வாயத் தொறந்தா உங்குளுக்குத் தெரிஞ்சுபோகும். தெரிஞ்சா உங்க உசுருக்கு ஆகாதுன்னு…” அதற்கு மேல் முடியாமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்.

அந்த அம்மா அன்றைக்கு என் பின்னால் காபி டம்ளரோடு நின்றிருந்தார். நான் ‘சுத்த வெள்ளை’ என்று சொன்னதைக் கேட்டார். பெரியம்மா ‘இது நானா’ என்று கேட்டதையும் கேட்டார். பிறகு அந்தக் காபியை எனக்குக் கொடுத்தார். நானும் குடித்தேன்.

பண்ணைக்காரர் என்ன சொல்லப்போகிறார் என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அடிப்பார் என்று பயந்தேன். அழுவார் என்றும் நினைத்தேன். அக்காவை நினைத்து, அந்தத் துணிப்பையை நினைத்து, ஏதாவது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். கை நெஞ்சுக்குப் போனது.

“இப்ப எனக்குத் தெரிஞ்சுபோச்சே” என்றார். “இனி எனக்கு என்னாகும்?”

எனக்கு வந்த கோபத்தில் கண் இருட்டியது. வாடிக்கையாளர், வயசில் மூத்தவர், இருதய நோயாளி, எதுவும் நினைவில் இல்லை. “உங்குளுக்கு ஒரு மண்ணும் ஆகாதுங்க! ஆனது பெரியம்மாவுக்குங்க!” என்று கத்திவிட்டேன். கத்தின பிறகுதான், அவரிடம் கத்த எனக்கு என்ன யோக்கியதை என்று உறைத்தது. அந்த வீட்டில் அன்றைக்குப் பேசிய வாயும் பேசாத வாயும் சேர்ந்துதான் அதைச் செய்தன. பேசிய வாய் என்னுடையது.

மறுநாள் காலையில் அவர்கள் காரிலேயே நானும் ஜேடர்பாளையம் போனேன். வரச்சொல்லி யாரும் கூப்பிடவில்லை. நான் போய்க் கார்க் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டேன். நாமக்கல் தாண்டிப் பரமத்தி தாண்டுவதற்குள் பண்ணைக்காரர் இரண்டு தடவை நாடி பிடித்துப் பார்த்துக்கொண்டார்.

சித்தி மகளின் வீட்டு முற்றத்தில் நாலைந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்து வெற்றிலையை எண்ணி அடுக்கிக் கவுளிக் கட்டுகளாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பெரியம்மாவை நான் தேடினேன். கண் வெள்ளையைத் தேடியது. வெள்ளை எங்கேயும் இல்லை. அவரே நிமிர்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. இளம்பச்சையில் சின்னச் சின்னப் பூப்போட்ட பூனம் சேலை கட்டியிருந்தார். நான் அவரை நிறத்தில் பார்ப்பது அதுதான் முதல்முறை. வேறு யாரோ போல, கொஞ்சம் இளமையாகக்கூட இருந்தார்.

தம்பியால் மன்னிப்புக் கேட்க முடியவில்லை. “வண்டி கொண்டாந்திருக்கறேன், ஏறுக்கா” என்றார். என்ன நடந்தது என்று அவர் மனைவிதான் சொன்னார். அழுதுகொண்டே, வெற்றிலைக் கூடைகளுக்கு நடுவில் மண்டியிட்டுச் சொன்னார். பெரியம்மாவின் விரல்கள் இலையை அடுக்குவதை நிறுத்தவில்லை. எல்லாம் கேட்டு முடித்த பிறகு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

“உம் புருசன் உசுருக்குக் குடுக்கறதுக்கு என்ற மானந்தான் கெடைச்சுதா?”

அந்த அம்மா தலையைத் தூக்கவில்லை. பெரியம்மா அவரைத் தொட்டுத் தூக்கவும் இல்லை. காரில் ஏறவும் இல்லை. “இந்தக் கொடிக்கால்ல வெத்தலை கிள்ளி முடியட்டும். பொறவு பாத்துக்கலாம்” என்றார். முடிய எத்தனை நாள் ஆகும் என்று தம்பி கேட்கவில்லை. வாய்க்கால் ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.

நான் மட்டும் பெரியம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். “தப்பு என்ற மேலதானுங் பெரியம்மா. நான் ஒரு வார்த்தை தெரியாதுன்னு சொல்லியிருந்தா உங்குளுக்கு இப்பிடி ஆயிருக்காதுங்க” என்றேன். அதற்கு மேல் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“புருசன் செத்தன்னைக்கு வெள்ளைக் கோடிச் சீல எடுத்தாந்து போட்டவன் இவந்தான்” என்று வாய்க்கால் பக்கம் தலையைக் காட்டினார். “பொறந்த ஊட்டுக் கோடி. அன்னிக்குக் கட்டுனவ வேற ஒண்ணும் கட்டல. இங்க வந்தும் அதத்தான் கட்டிக்கிட்டிருந்தேன். ராத்திரி வெளிய எந்திரிச்சுப் போறதுக்கே பயமாப் போச்சு சாமி. எங்கயாச்சும் கேமரா இருக்குமோ, எதாச்சும் காணாமப் போச்சுன்னா வெள்ளைச் சீலக்காரின்னு சொல்லுவாங்களோன்னு. அதான் இந்த ஊட்டுக்காரி மகளுதை ஒண்ண வாங்கிக் கட்டிக்கிட்டேன். இந்த வயசுல கலர் கட்டறாளேன்னு ஊருல சிரிக்கறாங்க. சிரிச்சாச் சிரிக்கட்டும். திருடின்னு சொல்றதுக்கு அது தேவலாம்.”

முந்தானையை விரித்து மடியில் வைத்துக்கொண்டார். அந்தச் சின்னப் பூக்களை விரலால் நீவினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, மற்ற பெண்களுக்குக் கேட்காமல், என்னிடம் கேட்டார்.

“ஏஞ்சாமி, இது ராத்திரிக் கேமராவுல பச்சையாத்தான தெரியும்?”

ஆமாம் என்று சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன். ஒரு தடவை தெரியாமல் பொய் சொன்னேன். இந்தத் தடவை தெரிந்தே சொல்ல முடியவில்லை.

“வெள்ளையாத்தானுங்க தெரியும் பெரியம்மா.”

பூக்களை நீவிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. சேலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“அப்ப நான் எதைக் கட்டுனாலும் அது நாந்தானா?”